காலி என்று கிழித்த ஓலை

கல்லாறு காவல் வீடு
கொல்லம் 1112-ம் ஆண்டு தை மாதம் 18, ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி அழகியநம்பிக்கு அப்பா பிச்சையா பிள்ளை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவித்தது. இங்கே நானும் உன் தங்கை மங்கலமும் சுகமாக இருக்கிறோம், கல்லாறும் சுகமாக இருக்கிறது, மழை போன பிறகு உடம்பு மெலிந்து கல்லெல்லாம் வெளியே தெரிய ஓடுகிறது. ரங்கூனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, மர ஆலை ஆபீஸில் நல்ல பெயரோடு இருக்கிறாய் என்பதை நீ எழுதித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், கார்த்திகையில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. உன் அம்மா பூதப்பாண்டியில் இருக்கிறாள். உன் அக்காள் செல்லபாய்க்குத் தை பிறந்த மூன்றாம் நாள் ஆண் பிள்ளை பிறந்தது, தாயும் பிள்ளையும் சௌக்கியம், அழுகை மட்டும் தகப்பன் வீட்டுப் பக்கம் என்று ஆள் வந்து சொன்னான். அம்மா நாற்பது கழிந்துதான் திரும்புவாள். அதுவரை இங்கே சமையல் மங்கலம், உப்பு இருக்கிற நாளில் புளி இருக்காது. எனக்குப் பக்கத்தில் உள்ளது முன்போல் தெளியாததால் அவளையே எழுதவும் வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை அவளுடையது, விஷயம் என்னுடையது.

ஐம்பத்திரண்டு வயதுக்குமேல் எதற்கு அப்பா இந்தத் தோக்கு என்று கேட்டிருந்தாய். இந்தக் காவல் வீட்டில் இருக்கிறவன் கையில் துப்பாக்கி இல்லாவிட்டால் அவன் காவல்காரன் இல்லை, ஓசிக் குடித்தனக்காரன். வருகிற வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் காட்டிலாகா ஆபீஸுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஐந்து தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும், அதில் குறைந்தது மூன்று கறுப்பு வட்டத்தில் விழ வேண்டும், விழாவிட்டால் துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்று கடுதாசி வந்திருக்கிறது. வயதாகும்போது கண்ணில் தூரம் போகாது, பக்கம்தான் முதலில் போகும். துப்பாக்கியில் பார்க்க வேண்டியது மூன்று, கண்ணுக்குப் பக்கத்தில் இரும்பில் வெட்டிய பள்ளம், குழல் நுனியில் நிற்கிற முளை, அதற்கு அப்பால் குறி. மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க எந்த வயதிலும் யாராலும் ஆகாது. இளவயதில் கண் அவற்றுக்கு நடுவே குரங்கு மாதிரித் தாவும், இப்போது தாவாது, ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், அது முளை. முளை தெளிந்து குறி மங்கினால் குண்டு போய்ச் சேரும், குறி தெளிந்து முளை மங்கினால் காட்டுக்குத்தான் போகும். அதனால் தினமும் கஞ்சிக்கு முன்னால் குழல்மேல் ஒரு சக்கரக் காசை வைத்து, அது விழாமல் தோட்டா இல்லாத துப்பாக்கியில் இருபது தரம் விசையை இழுக்கிறேன். முளை வெயிலில் மின்னாமல் இருக்க விளக்குக் கரி தடவுகிறேன். பொன்னாங்கண்ணிக் கீரையும் சனிக்கிழமை எண்ணெயும் தவறுவதில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தில் குறி வைத்து வாரம் இரண்டு நாள் ஐந்து தோட்டா சுடுகிறேன். நீ கவலைப்படாதே, கை இன்னும் நடுங்கவில்லை. ஐப்பசியில் நீ அனுப்பிய இரட்டைக் கண்ணாடி பத்திரமாக இருக்கிறது.

அண்ணே, இனி எழுதுவது மங்கலம். கண் மங்கலுக்கு மங்கலம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள், இதற்குப் பிறகு இந்தக் கடிதத்தில் சிரிக்க அதிகம் இல்லை. கண்ணாடி பத்திரமாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன், அது கல்லாற்றில் ஏதோ ஒரு பாறைக்கடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது, நல்ல கண்ணாகப் பார்த்து ஏதாவது மீன் போட்டுக்கொண்டிருக்கும். அது எப்படி அங்கே போயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்தது. அப்பா இப்போது எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய்த் துணியால் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார், சினையாக இருக்கிறது, நெடுமங்காட்டிலிருந்து வைக்கோல் வர வேண்டும் என்று. மாடு நன்றாக இருக்கிறது, அதை நம்பிக்கொள். காகிதத்தில் உள்ள எழுத்து அவருக்கு எறும்பு வரிசை, ஆகையால் அவர் மூக்குக்கு நேராகவே அவரைப் பற்றி எழுத எனக்குப் பயமில்லை. என் பயம் வேறு.

ஆடியில் வேலப்ப மாமா செத்ததை அப்பா உனக்கு ஒரே வரியில் எழுதினார், ஒற்றைக்கொம்பன் அடித்துவிட்டது என்று. அதற்கு முந்தின வரியை விட்டுவிட்டார். யானை வாழைக்குள் இறங்கியதும் மாமா தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார், அது எப்போதும் போல் போகாமல் திரும்பியது, அப்பா வாசலில் நின்று சுட்டார், நெற்றியில் கொள்ள வேண்டிய குண்டு பக்கத்து அயினி மரத்தில் கொண்டது. முளை தெரியல்லட்டி, ரெண்டு முளையாத் தெரிஞ்சுது என்று அன்றைக்கு ஒரு தரம் சொன்னார், பிறகு இன்றுவரை அதைப் பற்றிப் பேச்சில்லை. மரத்தில் அந்தத் துளை இருக்கிறது, என் சுண்டுவிரல் பாதிவரை போகும். அப்பா அந்த மரத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் வாழைத்தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார். மாமா யாரும் இல்லாத மனிதர், பன்னிரண்டு வருஷம் நம் வீட்டுப் பின்னறையில் கிடந்தார், உனக்கு நீச்சல் சொல்லித் தருகிறேன் என்று இரண்டு தரம் முழுக வைத்தவர், உனக்கு மறந்திருக்காது. அப்பா சுடப் பழகும்போது அக்கரையில் பெரிய பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்து குறி பார்த்துச் சொல்வது அவர் வேலைதானே. ஐந்து குண்டும் ஆனபிறகு அப்பா வெண்கலத் தட்டைத் தட்டுவார், மாமா வெளியே வந்து மூங்கில் சட்டத்தில் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார்த்துச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டால் சைகை காட்டுவார். வலத்தில் பட்டால் வலத்தே வீசுவார், தாழ்ந்தால் முட்டிக்குக் கீழே ஆட்டுவார், கறுப்பில் விழுந்தால் தலைக்குமேல் சுழற்றுவார். இரண்டு கையாலும் விரித்துக் குறுக்கே பிடித்தால் நிறுத்து, சுடாதே என்று அர்த்தம். அந்தத் துண்டை அவரோடு சேர்த்துத்தான் எரித்தோம்.

இப்போது பாறைக்குப் பின்னால் இருப்பது நான். அம்மா இங்கே இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். முதல் வாரம் ஐந்து குண்டில் ஒன்றுகூடக் காகிதத்தில் இல்லை. இக்கரையில் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிற அப்பாவின் உருவத்தைப் பார்த்தேன், பிள்ளையார் கோயில் வாசலில் சுண்டலுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது. என் ஜாக்கெட்டில் பள்ளிக்கூடத்துப் பென்சில் இருந்தது. குண்டு பருமனுக்கும் பென்சில் பருமனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை அண்ணே. கறுப்பில் இரண்டு, ஓரத்தில் ஒன்று, நம்பும்படி அளவாகக் குத்தினேன், என் துண்டைத் தலைக்குமேல் சுழற்றினேன். அப்பா அன்றைக்கு என் குழம்பைக்கூட நன்றாக இருக்கிறது என்றார். பென்சிலால் பரீட்சை எழுதி நான் பாஸானதில்லை, அப்பாவைப் பாஸாக்கினேன் என்று எனக்கு ஒரே பெருமை. அப்படியே மூன்று வாரம் போயிற்று. உன் கண்ணாடி வந்தும் குறியில் ஒரு பிரயோஜனமும் இல்லை, மேல் பாதியில் மலை தெரிந்தது, கீழ்ப் பாதியில் உள்ளங்கை தெரிந்தது, முளை இரண்டுக்கும் நடுவே கிடந்தது. அதைத் தேடி அப்பா மூக்கைத் தூக்குவார், பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற மாதிரி இருக்கும்.

பிறகு ஒருநாள் அப்பா முறத்தில் உள்ள ஓட்டை வழியே பஞ்சாங்கத்தைப் பார்த்தாராம், எழுத்து பளிச்சென்று தெரிந்ததாம். ஊசித் துளை போதும், மங்கின கண்ணும் கூர்மையாகும் என்று கண்டுபிடித்துவிட்டார். பரணில் கிடந்த பனையோலைத் துண்டு ஒன்றை எடுத்து, ஊசியால் துளை போட்டு, தலைக்கட்டுக்குள் செருகி வலது கண்ணுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டார். வேடிக்கையாக இருந்தது, குதிரைக்கு ஒரு கண் கட்டியது மாதிரி. அன்றைக்குச் சுட்டது ஐந்து. தட்டுச் சத்தம் கேட்டு நான் வெளியே வந்து, நிஜத்தில் இடது ஓரம் தாழ்ந்து இரண்டு குண்டு இருக்கக் கண்டு, வழக்கம்போல் கறுப்பில் இரண்டு பென்சில் குத்தி, துண்டைச் சுழற்றினேன். அப்பா கையை ஆட்டினார். வீட்டுக்கு வந்தபிறகு, எட்டி, எடத்தே தாந்துல்லா போயிருக்கு, நீ என்ன சுத்துக என்று கேட்டார். எண்பது கெஜத்துக்கு அப்பால் காகிதத்துளை கழுகுக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ரொம்பச் சாதாரணமாக, கஞ்சி ஆறிப்போச்சு என்று சொல்கிற குரலில், வேலப்பன் காட்டுனாம்லா என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், விளையாட்டு இந்த வீட்டில் என் இலாகா என்றாலும். அடுத்த தரம் நான் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதற்கு முன்பே அக்கரைக்குக் கேட்கிறமாதிரிக் கத்தினார், வலத்தே ரெண்டு விரக்கடை என்று. போய்ப் பார்த்தேன், வலத்தே இரண்டு விரற்கடை. அதற்கடுத்த தரம், மூணு கறுப்பிலே, ரெண்டு காணல்ல என்றார். மூன்று கறுப்பில் இருந்தன, இரண்டைக் காணவில்லை. நான் பென்சிலை எடுக்கவே இல்லை, தேவையும் இல்லை, அண்ணே, அவர் சுடுவது சரியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தரமும் சைகையைப் பார்த்து முளையைத் திருத்திக்கொள்கிறார். சைகை காட்டுகிறவர்தான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பாறைக்குப் பின்னால் நான் ஒருத்திதான். ஆனால் குந்தியிருக்கிற இடத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் உட்காருகிறேன், யாரோ இன்னும் ஒருவருக்கு இடம் விட்டு. ஏன் அப்படி உட்காருகிறேன் என்று மூன்றாம் நாள்தான் எனக்கே உறைத்தது.

இப்போது அப்பா நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். என்னட்டி, நான் மாட்டப் பத்தி ரெண்டு வரி சொன்னா ஒம் பேனா நாலு பக்கம் ஓடுகு என்கிறார். மாட்டுக்கு நாலு கால் இருக்கில்லாப்பா, காலுக்கு ஒரு பக்கம் என்றேன். சிரிக்கவில்லை. மறுபடியும் துடைக்கிறார்.

அந்த ஓலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செத்தவருடைய ஜாதகத்தைப் பதினாறாம் நாள் ஓடுகிற தண்ணீரில் விடுவது நம் பக்கத்து வழக்கம், விடாவிட்டால் அவருக்கு இங்கே வேலை பாக்கியிருக்கும் என்று அம்மா சொல்வாள். வேலப்ப மாமாவின் ஜாதகத்தை அப்பாதான் கல்லாற்றில் விட்டார். கடைசி ஓலை மட்டும் எழுதாமல் காலியாக இருக்கிறது, எதற்காவது உதவும் என்று கிழித்துப் பரணில் வைத்தார். நம் அப்பாவைத் தெரியுமே, கயிற்றுத் துண்டைக்கூடத் தூரப் போட மாட்டார். கண்ணுக்குத் துளை போட்டது அந்த ஓலையில்தான். ஆனால் அது காலியில்லை. எழுத்தாணியால் கீறி மை தடவாமல் விட்ட எழுத்து, நல்ல கண்ணுக்கே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், அப்பா கண்ணுக்கு எங்கே தெரியும். முளைக்குக் கரி தடவிய விரலால் தினமும் அந்த ஓலையைப் பிடிக்கிறாரே, அந்தக் கரி கீறலுக்குள் இறங்கி இறங்கி, மார்கழி முதல் வாரம் வெறும் ஓலையாக இருந்ததில் இரண்டாம் வாரம் ஒரு கொம்பு தெரிந்தது, மூன்றாம் வாரம் ஒரு சுழி, பொங்கலன்று அதை எடுத்து வைக்கும்போது நான் படித்தேன். விசாக நட்சத்திரத்தில் ஜனித்த வேலப்பனுக்கு என்று இருந்தது. அதற்குமேல் ஓலை இல்லை. ல-வுக்குப் பக்கத்தில்தான் அப்பா ஊசியால் துளை போட்டிருக்கிறார். அவர் தினமும் பார்ப்பது மாமாவின் பெயர் வழியாக.

பயந்தால் நான் விளையாடுவேன், உனக்குத் தெரியும். அதே அகலத்தில் இன்னொரு ஓலை வெட்டி, அதே மாதிரித் துளை போட்டு, கரி பூசி, போன செவ்வாய்க்கிழமை மாற்றிச் செருகிவிட்டேன். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுட்டார், ஐந்தில் நாலு கறுப்பில், நானே கைதட்டினேன். துளைக்குத்தான் சக்தி, எந்த ஓலையானால் என்ன என்று எனக்கு ஒரே சந்தோஷம். தட்டைத் தட்டாமல் அப்பா நின்றுகொண்டே இருந்தார். நானாக இக்கரைக்கு வந்தேன். நாலு கறுப்பிலே அப்பா என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, ஆற்றுக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டு, இன்னைக்கு அவன் வரல்லியே மக்ளே, ஒடம்புக்கு என்னமோ என்றார். செத்தவருக்கு உடம்புக்கு என்ன வரும் என்று கேட்க வாய் வந்தது, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை. மறுநாள் பழைய ஓலையைத் திரும்ப வைத்துவிட்டேன்.

இனி வெள்ளிக்கிழமை. இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. பொன்முடியிலிருந்து பனி இறங்கி ஆற்றின்மேல் படுத்திருந்தது, அக்கரை இக்கரைக்கு நிழல் மாதிரி. வியாழக்கிழமைப் பரீட்சைக்கு அப்பா தைரியமாகப் போக வேண்டும், சைகை காட்டுகிறவர் சொல்வதற்கு முன்பே காகிதத்தில் கறுப்பெல்லாம் துளையாக இருந்தால் அவரால் என்ன சொல்ல முடியும் என்று எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. செத்தவரோடு போட்டிக்குப் போனேன், என் புத்தி அவ்வளவுதான். அப்பா மூன்று குண்டு சுட்டால் கண்ணைத் துடைத்து, முளைக்குக் கரி வைத்து, வெற்றிலை போட்டுவிட்டுத்தான் நாலாவது சுடுவார். அது எப்போதும் உள்ளது. மூன்று கேட்டதும் பாறைக்குப் பின்னாலிருந்து குனிந்து வெளியே வந்தேன். காகிதத்துக்கு முன்னால் நின்று முதல் பென்சில் துளை போட்டேன். நான் கட்டியிருந்தது கறுப்புப் பாவாடை. எண்பது கெஜத்துக்கு அப்பாலிருந்து முளையை மட்டும் பார்க்கிற கண்ணுக்குக் குறி ஒரு மங்கின கறுப்பு, நானும் ஒரு மங்கின கறுப்பு. அன்றைக்கு வெற்றிலைப்பெட்டியை வீட்டிலேயே மறந்து வந்திருந்தாராம், நிறுத்தவில்லை, நாலாவது தோட்டா உள்ளே, விரல் விசைமேல்.

எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது. குளித்துக் கரையேறியவர் ஈரத்துண்டை இரண்டு கையாலும் பிடித்துப் பளார் என்று ஒரு உதறு உதறுவாரே, அந்தச் சத்தம், என் பிடரிக்கு இரண்டு முழத்தில். பின்கழுத்தில் தண்ணீர் தெறித்தது. திரும்பினேன். யாரும் இல்லை. பனிக்கு அந்தப்பக்கம் அப்பா துப்பாக்கியைத் தாழ்த்தியிருந்தார். பிறகு தட்டு அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார், விட்டால் தட்டு பிளந்திருக்கும். வேட்டியைக்கூடத் தூக்கிக் கட்டாமல் கல்லுக்குக் கல் தாவி வந்தார், மடியில் இருந்த கண்ணாடி அப்போதுதான் விழுந்தது. என் தலை, தோள், வயிறு எல்லாம் தடவிப் பார்த்தார். எதுக்குட்டி வெளிய வந்தே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலப்பன் எங்கட்டி என்றுதான் கேட்டார். ஒனக்கு முன்னால நின்னான், ரெண்டு கையும் விரிச்சு, துண்டு குறுக்கே, அவனாலதான் விசையிலேருந்து வெரல எடுத்தேன் என்றார். காகிதத்தைக் காட்டினேன். நாலு நாளாக மழை இல்லை, அது பனி ஈரமும் இல்லை, காகிதத்தின் குறுக்கே ஒரே வீச்சில் தண்ணீர் தெறித்து, கறுப்பு வட்டத்தின் கரி கரைந்து கீழே ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா ஒழுகுகிற கரியைத் தொட்டார், விரலை முகர்ந்தார், பிறகு சட்டத்தின் பின்பக்கத்தைத் தடவினார், நான் குத்திய ஒரே துளையில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்.

அண்ணே, இப்போது எனக்கு ஒரு வழி சொல். ரங்கூன் கப்பல் வந்து உன் பதில் வருவதற்குள் வியாழக்கிழமை போய், மாடும் கன்று போட்டிருக்கும், தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். ஓலையைத் தண்ணீரில் விட்டுவிட்டால் மாமா போய்ச் சேருவார், அவர் போக வேண்டியவர், ஆறு மாதமாக ஈரத்துண்டோடு நிற்கிறார். நான் செய்த ஓலையைச் செருகி அனுப்பினால் அப்பா வியாழக்கிழமை நாலு கறுப்பில் போடுவார், துப்பாக்கியோடு திரும்பி வருவார். ஆனால் அடுத்த தரம் முளைக்கு அப்பால் மங்கலாக நிற்பது மங்கலமாக இருந்தால் யார் குறுக்கே நிற்பார். ஓலையை விடாவிட்டால் அப்பாவுக்குத் துணைக்கு ஆள் இருக்கிறார், மாமாவுக்குத்தான் விடுதலை இல்லை. நான் நினைத்திருப்பது இதுதான், இன்று மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது ஓலையை மாற்றி, பழையதை ஆற்றில் விட்டுவிடுவது, அப்பாவிடம் சொல்லாமல். இதுவரை செய்த குறும்பில் எல்லாம் இது ஒன்றில்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா கையெழுத்துப் போடக் காகிதத்தைக் கேட்கிறார். எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுவேன், போட்டுவிடுவார், ஒன்றும் தெரியாது.

அழகியநம்பி, இது அப்பா எழுதுவது, என் சொந்தக் கையால். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும், பொறுத்துப் படி. உன் தங்கை கையெழுத்துக்கு இடம் காட்ட விரலை வைத்தாள், விரல் நடுங்கியது. கை நடுங்குகிறவள் எழுதியது என்ன என்று பார்க்கத் தோன்றிற்று. தலைக்கட்டைக் கட்டி, அந்த ஓலையைக் கண்ணுக்கு முன்னால் விட்டுக்கொண்டு வெளிச்சத்தில் போய் நின்றேன். குறி தெரிகிற துளையில் எழுத்தும் தெரியும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை, கெட்டிக்காரிக்கு. மாட்டைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, மற்ற எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அவள் இப்போது அடுக்களையில் கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

பென்சில் காரியம், அவள் கொண்டுவந்து காட்டிய காகிதத்தைத் தடவியதும், எனக்கு முதல் வாரமே தெரியும். குண்டு போன துளையில் காகிதம் இருக்காது, ஓரம் ஈயக்கரியாக வழுவழுவென்று இருக்கும். பென்சில் போன துளையில் பின்பக்கம் காகிதம் காது மாதிரி மடிந்து நிற்கும். அதைப் பார்க்கக் கண் வேண்டாம், விரல் போதும். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றால், துண்டைத் தலைக்குமேல் சுழற்றும்போது அவள் குதிப்பாள், அதைப் பார்க்கத்தான். தூரத்துப் பார்வை எனக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஓலை விஷயம் எனக்குத் தெரியாது. இப்போது நகத்தால் தடவிப் பார்த்தேன், எழுத்து இருக்கிறது. காலி என்று நினைத்தேன் மகனே. ஆடியிலும் அப்படித்தான், யானைக்கும் அவனுக்கும் நடுவே எனக்குத் தெரிந்ததெல்லாம் காலியான வெளி. அதை உனக்கு எழுதாமல் விட்டது என் தப்பு, அவள் எழுதியது சரி.

முளை தெளிந்தால் போதும், குறி மங்கட்டும் என்று மேலே சொல்லி எழுதுவித்தேன். அது பொய்யில்லை, இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் சுட்டேன், ஆனால் அன்றெல்லாம் அந்த மங்கலுக்குள் நிற்பது யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது ஊசித்துளை வைத்தால் முளை தெளிகிறது, கறுப்பில் நாலும் விழுகிறது, வியாழக்கிழமை நான் ஜெயிப்பேன் என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் சுடப்போவதில்லை. ஜெயித்துவிட்டால் துப்பாக்கியோடு இங்கே திரும்பி வர வேண்டும், அக்கரையில் உன் தங்கை இருப்பாள், தடுக்க ஆள் இருக்க மாட்டான். வியாழக்கிழமை போய்த் துப்பாக்கியைத் துடைத்தபடி ஒப்படைத்துவிட்டு, ஆபீஸ் வாசலில் காவல் வேலை தந்தால் சரி என்று கேட்கப் போகிறேன். திருவனந்தபுரத்திலேயே சாலைக் கடைவீதிப் பக்கம் ஒரு வீடு பார்த்துக்கொள்வோம், உன் அம்மாவும் நேரே அங்கே வந்துவிடட்டும். மங்கலத்துக்குக் கடைத்தெரு பக்கத்தில் என்றால் சந்தோஷம், கடைக்காரர்களுக்குத்தான் கஷ்டகாலம்.

உனக்கு என் ஆசீர்வாதம். ஆற்றில் நீந்தாதே, எந்த ஊர் ஆறானாலும். வேறு கண்ணாடி வாங்கி அனுப்ப வேண்டாம். இந்த ஓலை என்னிடம் இருக்கப்போவதில்லை, அவள் செய்த ஓலையை எடுத்து வைத்திருக்கிறேன், அது உன் கடிதங்களைப் படிக்க, வேறெதற்கும் இல்லை. அவள் படித்துச் சொன்னால் நீ எழுதாததும் அதில் இருக்கும். மாதம் ஒன்றாவது எழுது.

வெயில் இன்னும் இருக்கிறது. இதை மடித்து வைத்துவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறேன். ஓலையை அவள் கையால் விடட்டும், அவள்தான் அதைப் படித்தவள். நான் இக்கரையில் நின்று என் துண்டை இரண்டு கையாலும் விரித்துக் குறுக்கே பிடிக்கப் போகிறேன். அவனுக்குப் புரியும்.

இப்படிக்கு, கண் கண்ட மட்டும் தன் கையால் எழுதிய
அப்பா
பிச்சையா பிள்ளை